நிலக்கரி நிலத்தில் மிதிவண்டிப் பாதை

முன்னுரை

நம் தாத்தா காலத்தில் தோட்டத்தில் ஒருவர் சைக்கிள் வைத்திருந்தால் அவரை நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பால்வாளியும் அதுதான் சுமந்தது, பிள்ளையைப் பள்ளிக்கும் அதுதான் கொண்டு சென்றது. இன்று நிலைமை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கவசம் அணிந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் சாலையில் மிதித்துவிட்டுப் பசியாறத் திரும்புவது நகரத்து இளைஞர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. பல்கலைக்கழக மாணவர்களாகிய நம்மில் பலரும் இவ்விளையாட்டில் ஈடுபட்டு வருகிறோம்.

பொழுதுபோக்கு என்று சொல்லி இதனை ஒதுக்கிவிட முடியாது. மிதிவண்டியில் செல்பவன் நிலத்தை வாசிக்கிறான் என்பது என் கருத்து. காரில் போகிறவனுக்கு மேடும் பள்ளமும் தெரிவதில்லை. நடந்து போகிறவனால் நெடுந்தூரம் போக முடிவதில்லை. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கோ ஏற்றம் காலில் தெரியும், நிழல் முதுகில் தெரியும், ஓர் ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தெரியும்.

ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டப்பட்ட நிலம், சுரங்கம் மூடப்பட்ட பிறகு என்னவாகிறது? அவ்வழியே மிதிவண்டியில் செல்பவன் எதைக் காண்கிறான்? எதைக் காணாமலே கடந்து போகிறான்? இவற்றை இரண்டு இடங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, நம் நாட்டின் பத்து ஆராங். மற்றொன்று, பெல்ஜியம் நாட்டின் லிம்பர்க் மாநிலம்.

நான் மலாக்கா மாநிலத்தின் புக்கிட் ரம்பாயில் பிறந்து வளர்ந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். இப்போது பொறியியல் பயின்று வருகிறேன். எங்கள் ஊரில் நிலக்கரி இல்லை. ஆயினும், ஒரே ஒரு தொழிலுக்காக உருவாக்கப்பட்ட நிலமும் மக்களும், அத்தொழில் போனபின் என்ன ஆகிறார்கள் என்பது எங்கள் ஊரின் கேள்வியுமாகும். அதனால்தான் இத்தலைப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

பெயரிலேயே நிலக்கரி

சிலாங்கூர் மாநிலத்தில் ரவாங்கிற்கு மேற்கே உள்ள சிற்றூர் பத்து ஆராங். மலாய்மொழியில் ‘பத்து’ என்றால் கல், ‘ஆராங்’ என்றால் கரி. இரண்டும் சேர்ந்தால் நிலக்கரி. தமிழன் அதனை நிலத்தில் கிடைக்கும் கரி என்றான். மலாய்க்காரர் கல்லாக இருக்கும் கரி என்றார். இரு மொழியினரும் முதலில் அறிந்தது அடுப்புக்கரியைத்தான் என்பதும், புதிய பொருளுக்குப் பழைய சொல்லையே நீட்டிப் பெயர் வைத்தார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இங்கே நிலக்கரி இருப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. ஜே.ஏ. ரசல் என்னும் தொழிலதிபரின் முயற்சியால் ‘மலாயன் கோலியரிஸ்’ நிறுவனம் 1913-இல் அமைக்கப்பட்டது. 1915-ஆம் ஆண்டிலிருந்து கரி வெளிவரத் தொடங்கியது. ரயில் இன்ஜின்களும் ஈயச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் இக்கரியை எரித்தே இயங்கின. அந்நாளில் மலாயா ரயிலில் பயணம் செய்த நம் முன்னோர் கண்ட புகையில் பத்து ஆராங்கின் மண்ணும் கலந்திருந்தது எனலாம்.

கரி எடுக்க இங்கு இரண்டு முறைகள் கையாளப்பட்டன. ஒன்று, மேல்மண்ணை அகற்றிவிட்டுப் பள்ளமாகத் தோண்டும் திறந்தவெளிச் சுரங்கம். மற்றொன்று, பூமிக்குள் வழி வெட்டி இறங்கும் நிலத்தடிச் சுரங்கம். இவ்வூர்க் கரி உயர்தரமானதன்று. ஈரப்பதம் மிகுந்தது, தானாகவே தீப்பற்றிக் கொள்ளும் இயல்புடையது. ஆகவே நிலத்தடியில் வேலை செய்தவர்களுக்கு இடிபாட்டுடன் தீயும் ஓர் ஆபத்தாக இருந்தது.

சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் சீனர்கள். அவர்களோடு தமிழர் உள்ளிட்ட இந்தியர்களும் மலாய்க்காரர்களும் வேலை செய்தனர். பலர் நேரடியாக நிறுவனத்திடம் வேலை செய்யவில்லை. இடையில் குத்தகைக்காரர்கள் இருந்தனர். கூலி அவர்கள் கைவழியே வந்தது, அவர்கள் பிடித்துக்கொண்டது போக மிஞ்சியதே தொழிலாளிக்குக் கிடைத்தது. தோட்டத்தில் கங்காணி முறையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1936 நவம்பரிலும் 1937 மார்ச்சிலும் இங்கே பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இரண்டாவது வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்து, ஊர் நிர்வாகத்தையும் சில நாள்கள் தாமே நடத்தினர். காலனி அரசு காவல் படையை அனுப்பி அதனை முறியடித்தது. மலாயாவின் தொழிலாளர் வரலாற்றைப் படிப்பவர்கள் பத்து ஆராங்கைத் தவிர்க்க முடியாது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில் கம்யூனிஸ்டுப் போராளிகள் தாக்கிய இடங்களில் இச்சுரங்கமும் ஒன்று.

பின்னர் இச்சுரங்கத்தை வீழ்த்தியது எண்ணெய். ரயில்கள் டீசலுக்கு மாறின, மின் நிலையங்களும் எண்ணெய்க்கு மாறின. வாங்குவோர் இல்லாமற் போகவே 1960-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. 1915 முதல் 1960 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள். ஒரு மனிதர் இளமையில் வேலைக்குச் சேர்ந்து முதுமையில் ஓய்வு பெறும் காலம் அது.

சாலையில் காண்பவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் சாலை மிதிவண்டி ஓட்டுவோர் குவாங், பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களை நன்கு அறிவார்கள். நகரத்தின் நெரிசலை விட்டு விலகிச் செம்பனைக் காடுகளுக்கும் கம்பங்களுக்கும் இடையே வளைந்து செல்லும் சாலை இது. பெரிய மலை ஏற்றம் கிடையாது. ஏறி இறங்கி, மறுபடியும் ஏறி இறங்கும் சிறு குன்றுகளே உள்ளன. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற பாதை. நானும் என் நண்பர்களும் குவாங் வழியாகப் பலமுறை சென்றிருக்கிறோம்.

ஊருக்குள் நுழைந்தால் பழைய கடைவரிசையைக் காணலாம். செங்கல்லால் கட்டப்பட்ட உயரமான புகைபோக்கிகள் மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கின்றன. செடிகொடிகள் மூடிய பழைய கட்டடச் சுவர்கள் உண்டு. தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாகிவிட்டன. வெறிச்சோடிய மண்ணில் முதலில் லாலாங் புல்லும் பெரணியும் வருகின்றன. அவற்றையடுத்து ஊதாப்பூ பூக்கும் செண்டுடோக் செடி, பிறகு அகன்ற இலை கொண்ட மஹாங் மரம். இவை வளர்ந்து நிழல் தந்த பின்னர்தான் மற்ற மரங்கள் தலைகாட்டும். கைவிடப்பட்ட நிலத்தில் இயற்கை திரும்பி வரும் வரிசை இது. படிப்படியாகத்தான் வரும், அவசரப்படாது.

இவ்விடத்தில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய சுரங்க ஊர்களில் சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நல்லதன்று. பூமிக்கடியில் வெட்டிய வழிகள் இன்னும் இருக்கின்றன, மண் உள்வாங்கக்கூடும். ஏரிகளின் கரையும் வழக்கமான குளக்கரைபோல் மெல்லச் சரிவதில்லை. ஓரடி தள்ளினால் ஆழம். படம் எடுக்க வேண்டுமானால் சாலையோரத்தில் நின்றே எடுக்கலாம்.

ஏற்றத்தின் கணக்கு

பொறியியல் மாணவன் என்பதால் ஒரு சிறு கணக்கைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நண்பர்கள் அஞ்ச வேண்டாம், ஐந்தாம் படிவ இயற்பியல் போதும்.

ஓட்டுபவரின் எடை 70 கிலோ, வண்டியின் எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 கிலோ. இவர் 100 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 80-ஐ 9.8 ஆலும் 100 ஆலும் பெருக்கிய தொகை, அதாவது 78,400 ஜூல். தரம் குறைந்த ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ இரண்டு கோடி ஜூல் வெப்பம் வரும். ஆகவே நாம் மூச்சு வாங்க, வியர்வை சொட்ட ஏறிய அந்த 100 மீட்டருக்கு ஈடான ஆற்றல் வெறும் நான்கு கிராம் நிலக்கரிக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு தேக்கரண்டிகூட நிறையாது!

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. நிலக்கரியின் வெப்பம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. பழைய நீராவி ரயில் இன்ஜின் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பயன்படுத்தியது, மீதி புகைபோக்கி வழியே போயிற்று. மனித உடலோ, உண்ட உணவின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை மிதிக்கும் வேலையாக மாற்றுகிறது. அப்படிப் பார்த்தால் 100 மீட்டர் ஏற்றத்திற்கு ஏறத்தாழ 85 கிலோ கலோரி செலவாகும். இரண்டு சிறிய இட்லி அதற்குப் போதும். திறனைப் பொறுத்தவரை, மிதிவண்டியில் அமர்ந்த மனிதன் அந்நாளைய இரும்பு இன்ஜினைவிடச் சிறந்த இயந்திரம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த நான்கு கிராம் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான், ஏன் ஓர் அரசும் ஒரு நிறுவனமும் காட்டை வெட்டி, ரயில் பாதை போட்டு, மனிதர்களைப் பூமிக்குள் இறக்கின என்பது எனக்கு விளங்கிற்று. அவ்வளவு மலிவான ஆற்றலை அதுவரை மனிதன் கண்டதில்லை. அந்தக் கரியை வெட்டி எடுத்தவன் உழைப்பும் அதே மலிவு விலைக்கு வாங்கப்பட்டது என்பதுதான் இதில் உள்ள சோகம்.

சாலையில் ஓட்டுவோர் கூட்டமாகச் செல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. சமதரையில் வேகமாகப் போகும்போது நம் சக்தியில் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் கால் பங்கு அளவுக்கு உழைப்பு மிச்சமாகும். அதனால் முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் முன்னே வருவது வழக்கம். எப்போதும் பின்னாலேயே ஒளிந்து வருகிறவரை நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். லாரிகள் வரும் சாலையில் ஒற்றை வரிசையில் இடப்பக்கமாகச் செல்வதும், பள்ளத்தைக் கண்டால் கைகாட்டிப் பின்னால் வருபவருக்குச் சொல்வதும், பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை தண்ணீர் குடிப்பதும் இங்கே எழுதப்படாத சட்டங்கள். நம் நாட்டு வெயிலில் காலை ஏழு மணிக்கே புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம்.

லிம்பர்க் கற்றுத்தரும் பாடம்

இனி, கடல் கடந்து பெல்ஜியத்திற்குச் செல்வோம். அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள லிம்பர்க் மாநிலம் ஒரு காலத்தில் மணலும் புதர்வெளியுமாக இருந்த ஏழைப் பகுதி. 1901-இல் அந்தரே துமோன் என்னும் பேராசிரியர் ஆஸ் என்ற சிற்றூரில் துளையிட்டபோது நிலக்கரி கிடைத்தது. காலப்போக்கில் அங்கே ஏழு சுரங்கங்கள் உருவாயின. பூமிக்கடியில் கூரையைத் தாங்க மரத்தூண்கள் தேவைப்பட்டதால், புதர்வெளியெங்கும் ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. இன்று அப்பகுதியில் காடு என்று காணப்படுவதில் கணிசமானது சுரங்கத்திற்காக நடப்பட்ட தோட்டமே.

வேலையாட்களும் வெளியிலிருந்தே வந்தனர். போலந்து, இத்தாலி, கிரேக்கம், பிறகு துருக்கி, மொரோக்கோ எனப் பல நாட்டவர். 1946-இல் இத்தாலியுடன் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இத்தாலி ஆள் அனுப்பும், பெல்ஜியம் கரி கொடுக்கும். 1956-இல் அதே நாட்டின் தென்பகுதியில் உள்ள மார்சினெல் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் மாண்டனர். அவர்களில் 136 பேர் இத்தாலியர். அதன்பின் இத்தாலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இதைப் படித்தபோது எனக்கு 1938 நினைவுக்கு வந்தது. மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதையடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தொழிலாளர்களை அனுப்பும் முறையை இந்திய அரசு அவ்வாண்டில்தான் தடை செய்தது. தேசம் வேறு, கதை ஒன்று.

லிம்பர்க்கின் கடைசிச் சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு நிலைகுலைந்தது. அப்போது அந்த மாநிலம் எடுத்த முடிவுகளுள் இரண்டு நம் கவனத்திற்குரியவை.

முதலாவது, மிதிவண்டிப் பாதைகள். ஹூகோ போலன் என்பவர் சுரங்கப் பொறியாளராகப் பணியாற்றியவர். பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் கொடுக்கும் முறையை அவர் வகுத்தார். ஒவ்வொரு முனையிலும் அடுத்தடுத்த எண்களுக்கான அம்புக்குறி இருக்கும். ஓட்டுபவர் தாம் போக விரும்பும் ஐந்தாறு எண்களைத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாலையோரத்தில் தடுமாற வேண்டியதில்லை. 1995-இல் லிம்பர்க்கில் தொடங்கிய இம்முறை பெல்ஜியத்தின் மற்றப் பகுதிகளுக்கும் நெதர்லாந்துக்கும் பரவியது. சாமானியரும் எளிதில் பயன்படுத்தும்படி இருந்ததே அதன் வெற்றி.

இரண்டாவது, ஹோகே கெம்பன் தேசியப் பூங்கா. 2006-இல் திறக்கப்பட்ட இப்பூங்கா ஐயாயிரம் ஹெக்டருக்கும் மேற்பட்ட காடும் புதர்வெளியும் கொண்டது. ஐஸ்டென் சுரங்கம் இருந்த இடம் இப்பூங்காவின் நுழைவாயில்களுள் ஒன்றாக்கப்பட்டது. சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்களை இடிக்காமல் விட்டார்கள். கரியோடு வெளிவந்த கழிவுக்கல்லைக் கொட்டிக் கொட்டி உருவான குன்றுகள் இன்று மக்கள் ஏறிப் பார்க்கும் மேடுகளாகிவிட்டன.

பிறகு பாதையையே பார்க்கத்தக்க ஒன்றாக மாற்றினார்கள். 2016-இல் பொக்ரைக் அருகே ஒரு குளத்தின் நடுவே, நீர்மட்டம் ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக வரும்படி 212 மீட்டர் நீளத்திற்குப் பாதை அமைத்தனர். 2019-இல் இன்னொரு காட்டில் மர உச்சிகளுக்கிடையே பத்து மீட்டர் உயரம்வரை வட்டமாக ஏறி இறங்கும் பாதை வந்தது. 2021-இல் தேசியப் பூங்காவின் புதர்வெளிக்கு மேலே ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள மரப்பாலம் திறக்கப்பட்டது. கீழே புதர்வெளி தடையின்றித் தொடர, மேலே மிதிவண்டிகள் கடந்து செல்கின்றன. கரி தோண்டிய மாநிலம் என்று அறியப்பட்ட இடம் இப்போது மிதிவண்டி மாநிலம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிங்கிலில் உள்ள பாயா இண்டா ஈரநிலமும் பேராக் மாநிலத்தின் பத்து காஜா அருகில் உள்ள கிந்தா இயற்கைப் பூங்காவும் ஈயம் தோண்டிய நிலங்களே. பள்ளங்கள் ஏரிகளாகி, நாரைகளும் கொக்குகளும் குடியேறி, இன்று பறவைகளைப் பார்க்க மக்கள் அங்கே போகிறார்கள். ஈயத்தில் முடிந்தது கரியில் முடியாதா?

வண்டியை விட்டு இறங்காத உரிமை

இதுவரை நிலத்தைப் பற்றிப் பேசினோம். இனி மிதிவண்டியைப் பற்றி ஒரு செய்தி. தமிழ் மாணவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை வழிநடத்தியவர்களுள் முக்கியமானவர் பத்திரிகைத் துறையைச் சேர்ந்த ஆர்.எச். நாதன். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை இருந்தன. அவற்றுக்கிடையே இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து அதிகாரியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

வாசக நண்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே சைக்கிள் கோரிக்கையையும் எழுதி வைத்தார்கள். அற்பமான விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. தன் காசில் வாங்கிய வண்டியில், தான் போகும் வழியில், எவருக்கும் இறங்காமல் போவது மானம் சம்பந்தப்பட்டது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். அதனை எதிர்த்துப் பரவிய போராட்டத்தைப் படைபலத்தால் அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அப்படையின் வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டிகளிலேயே தெற்கு நோக்கி வந்தார்கள். தோட்டங்களுக்காகவும் சுரங்கங்களுக்காகவும் வெள்ளையர் போட்ட நல்ல தார்ச்சாலைகளே அவர்களுக்கு வழியாயின. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. தொழிலாளி சைக்கிளில் அமர்ந்து போவதைப் பொறுக்காத ஆட்சி, சைக்கிளில் வந்த படையின் முன் சரணடைந்தது. வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

பத்து ஆராங் சாலையில் நான் ஓட்டும்போது எவருக்காகவும் இறங்குவதில்லை. இறங்க வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லப்போவதுமில்லை. அந்தச் சுதந்திரம் தானாக வந்ததன்று. பொழுதுபோக்கு என்று நாம் சொல்வதை உரிமை என்று கேட்டு ஒரு தலைமுறை அடிபட்டிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்த்தால்

லிம்பர்க்கையும் பத்து ஆராங்கையும் ஒப்பிட்டால் சில வேறுபாடுகள் புலப்படும். அங்கே சுரங்கம் மூடியபோது அரசிடம் பணம் இருந்தது, திட்டமும் இருந்தது. இங்கே 1960-இல் நாடு விடுதலை பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மூடிய சுரங்கத்தைப் பூங்காவாக்கும் எண்ணம் அந்நாளில் உலகிலேயே அரிது. ஆகவே அன்றைய தலைவர்களைக் குறைசொல்வது முறையாகாது. ஆனால் இன்று நம்மிடம் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. இனியும் காலம் கடத்துவதற்குக் காரணம் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரிச்சுரங்கம் மூடப்பட்டதால் நாம் கரியை விட்டுவிட்டோம் என்று பொருளில்லை. 1980-களின் பிற்பகுதியில் காப்பார் மின் நிலையம் நிலக்கரியை எரிக்கத் தொடங்கியது. எங்கள் மலாக்காவிற்குப் பக்கத்தில் போர்ட்டிக்சன் அருகே ஜிமாவிலும் நிலக்கரி மின் நிலையம் உண்டு. அந்தக் கரி கப்பலில், பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. புதிய நிலக்கரி மின் நிலையங்கள் கட்டுவதில்லை என்று 2021-இல் மலேசியா அறிவித்தது. அதாவது, நம் ஊர்ப் பள்ளம் ஏரியாகிவிட்டது. நம் விளக்குக்கான பள்ளத்தை இன்று வேறொரு நாட்டில் தோண்டுகிறார்கள். பூங்காவைக் கண்டு மகிழும் நேரத்தில் இதனையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவதாக, பெயர்கள். லிம்பர்க்கில் இத்தாலியரும் துருக்கியரும் வாழ்ந்த சுரங்கக் குடியிருப்புகள் இன்றும் ஊர்களாக இருக்கின்றன. பாட்டன் சுரங்கத்தில் இறங்கினார் என்று பேரன் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. பத்து ஆராங்கிலோ புகைபோக்கி நிற்கிறது, அதன் கீழே வேலை செய்தவர் யார் என்ற கதை மூத்தவர்களின் வாய்மொழியோடு நிற்கிறது. அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

புக்கிட் ரம்பாய்க்கு ஒரு பாதை

இப்போது என் ஊருக்கு வருகிறேன். புக்கிட் ரம்பாய் என்பதன் பொருள் ரம்பாய் மரக்குன்று. ரம்பாய், கொத்துக் கொத்தாய்ப் புளிப்பும் இனிப்புமாகக் காய்க்கும் பழமரம். இன்றைய புக்கிட் ரம்பாய் என்றதும் மலாக்கா மக்களுக்கு நினைவுக்கு வருவது தொழிற்பேட்டைதான். எங்கள் வட்டாரத்தில் இரப்பர் மரங்கள் போய்ச் சில இடங்களில் செம்பனை வந்தது, சில இடங்களில் தொழிற்சாலை வந்தது, சில இடங்களில் தாமான் வந்தது. என் பாட்டி பால்வெட்டிய நிரை எது என்று கேட்டால், கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, “இங்கதாய்யா எங்கயோ இருந்துச்சு” என்பார். சுரங்கம் பள்ளத்தையாவது விட்டுச் செல்கிறது. தோட்டம் அதையும் விட்டுச் செல்வதில்லை.

அருகிலேயே சுங்கை ஊடாங் பொழுதுபோக்கு வனம் இருக்கிறது. மலாக்காவில் எஞ்சியிருக்கும் தாழ்நிலக் காடுகளில் ஒன்று. புக்கிட் ரம்பாயிலிருந்து அவ்வனத்திற்குச் சாலை வழியே மிதிவண்டியில் எளிதாகப் போய்வரலாம். லிம்பர்க்கைப்போல் கோடிக்கணக்கில் செலவழித்துப் பாலம் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எண் பலகைகள் போதும். பழைய தோட்ட வாயில் இருந்த இடத்திற்கு ஓர் எண். லயம் இருந்த இடத்திற்கு ஓர் எண். ஆலைக்கு, ஆயாக் கொட்டகைக்கு, கோயிலுக்கு, தமிழ்ப்பள்ளிக்கு, கடைசியில் காட்டு வாயிலுக்கு. ஒவ்வோர் எண்ணின் கீழும் மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகளில் இரண்டு வரி. ஓட்டுபவர் இளைப்பாற நிற்கும் ஒரு நிமிடத்தில் அதைப் படித்துவிடுவார்.

இதற்கு முதலில் தேவை, எந்த இடம் எது என்று தெரிந்திருப்பது. அது தெரிந்தவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். ஆகவே மொழிக் கழக நண்பர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் எளிமையானது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள தாத்தாவையோ பாட்டியையோ கேட்டு, பழைய தோட்டத்தின் இடங்களை ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். பிறகு மிதிவண்டியில் அவ்விடங்களுக்குப் போய், இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். முன்னாள் மாணவர்கள் தங்கள் ஊருக்கும் இதனைச் செய்யலாம்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. தோண்டப்பட்ட நிலம் மீளக்கூடியது. பொறுமையும் திட்டமும் இருந்தால் சுரங்கம் பூங்காவாகும். மிதிவண்டிப் பாதை அதற்கு மலிவான, மக்கள் கைக்கு எட்டும் கருவி. ஆனால் மரத்தை நட்டு, பறவையை வரவழைத்து, உழைத்தவர் பெயரை விட்டுவிட்டால் அந்த மீட்சி பாதியே.

காடு தானாகத் திரும்பி வரும். லாலாங் வரும், பெரணி வரும், மஹாங் வரும். மனிதர்களின் கதை அப்படித் தானாக முளைப்பதில்லை. அதை யாராவது கேட்டு எழுத வேண்டும். தமிழ் படித்த நாம் செய்யாமல் வேறு யார் செய்வார்?